சரக்கை இறக்கிவிட்டு வா

ஜூன் 4

அன்பும் அறுவையும் நிறைந்த அக்காவுக்கு,

நானும் அம்மாவும் நலம். அம்மாவின் தையல் மெஷினுக்குத்தான் இருமல், பகல் முழுக்க கடகடவென்று இருமுகிறது. அங்கே நீயும் உன் பிக்கப் நீலியும் எப்படி?

செல்போன் சிக்னலே இல்லாத மலைக்குத் தேடிப் பிடித்து வேலைக்குப் போன ஒரே ஆள் நீதான். சுரங்கம் தோண்டுகிறவர்களுக்கு சிமெண்டு மூட்டை ஏற்றிக் கொடுக்க உலகத்தில் வேறு பிக்கப் வண்டியே இல்லையா? இப்போது பார், உங்கள் கேம்புக்கு வாரா வாரம் சாமான் கொண்டுபோகும் லாரியின் தயவில் நாம் பேச வேண்டியிருக்கிறது. லாரி மாமா என் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன பாப்பா, லவ் லெட்டரா?"

"ஆமாங்க மாமா. எங்க அக்கா வண்டிக்கு."

அம்மா உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னாள். "பிரேக் நல்லாப் பிடிக்குதான்னு எழுதுடி."

"பிரேக்குக்கு அக்காவைப் பிடிக்கும், அக்காவுக்குப் பிரேக்கைப் பிடிக்கும். நடுவுல உனக்கென்னம்மா?" என்றேன். அளவு நாடாவால் முதுகில் ஓர் அடி விழுந்தது. அளவான அடிதான்.

வாங்கிய அன்றே அவள் போட்ட சட்டம் நினைவிருக்கட்டும்: நீலிமேல் ஒரு கீறல் விழுந்தாலும் மறுநாளே விற்றுவிடுவாள். உன் கோழிக்கிறுக்கல் அவளுக்குப் புரியாததால் கடிதங்களை நான்தான் உரக்கப் படித்துக் காட்டுகிறேன். அதனால் எதை எழுதினாலும் ஒலிபெருக்கியில் பேசுகிற நினைப்போடு எழுது.

உன் பதிலுக்குத் தவிக்கும்,
வாலு

•

ஜூன் 19

அன்பு வாலுவுக்கு,

நலமாக இருக்கிறேன். அம்மாவின் கண் எரிச்சல் குறைந்ததா? மெஷினுக்கு இருமல் மருந்தாக இரண்டு சொட்டு எண்ணெய் விடு. உனக்கு விட்டால் வாய் இன்னும் வழுக்கும், அதனால் வேண்டாம்.

இங்கே எல்லாமே தகரம். அறை தகரம், கக்கூஸ் தகரம், என் பக்கத்து அறை சமையல்காரம்மாவின் குரலும் தகரம். ஆனால் தங்கமான மனுஷி. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே இத்தனை பேருக்கும் பொங்கிப் போடுகிறாள். வாரம் முழுக்க நான் சிமெண்டை மேலே ஏற்றுகிறேன். விடுமுறை நாளில் ஆட்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கீழே சந்தைக்கு இறங்குகிறேன் (அங்கேயும் சிக்னல் கிடையாது). ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பனிமூட்டம். பனிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று இன்னும் பார்த்ததில்லை. பார்க்கவும் ஆசையில்லை.

நீலி சமர்த்து. இறக்கத்தில் மட்டும் பிரேக் மிதி கொஞ்சம் பஞ்சு மாதிரி இருக்கிறது. இங்கே ஒரு மெக்கானிக் உண்டு, நாங்கள் வைத்த பெயர் ஸ்பேனர். "ஒண்ணுமில்லக்கா, ஆயில் கொறைஞ்சிருந்துச்சு, ஊத்திட்டேன்" என்றான். அம்மாவிடம் சொல், பிரேக்குக்கு என்னைப் பிடித்திருக்கிறது. கொஞ்சம் மென்மையாகக் காதலிக்கிறது, அவ்வளவுதான்.

பாசத்துடன்,
அக்கா

•

ஜூலை 2

மலையரசிக்கு உன் தரைப்படைத் தளபதி எழுதுவது,

இங்கே அனைவரும் சுகம். பஞ்சு மேட்டர் அம்மாவுக்குப் படிக்கவில்லை. அந்த வரியில் தும்மிவிட்டேன்.

ஆனால் எனக்குள் அது பஞ்சாகவே இருக்கவில்லை. பள்ளி விட்டதும் மொத்த வியாபார மார்க்கெட் எதிரே இருக்கும் பிக்கப் ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கே நிற்பதில் பாதி நம் நீலியின் அக்கா தங்கைகள், அதே கம்பெனி, அதே மாடல். "பள்ளிக்கூடத்துல கட்டுரைப் போட்டி அண்ணே, தலைப்பு 'என் வண்டி, என் பெருமை'" என்று அவிழ்த்துவிட்டேன். சும்மா சொல்லக் கூடாது, வரிசையில் நின்று பேட்டி கொடுத்தார்கள்.

முட்டைக்காரர்: "தங்கம்மா இந்த வண்டி! இதுவரைக்கும் ஒரு முட்டை உடைஞ்சதில்ல."

"ஏண்ணே, இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலையா?"

துரத்தினார். நான் சோபாக்காரர் வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் சொன்னது: "வளைவுல இடது கதவு தானாத் திறக்கும், பாப்பா. அது சொந்தமா முடிவெடுக்கிற கதவு. மத்தபடி நல்ல வண்டி."

"மோதினா காப்பாத்துற காத்துப் பை இருக்காண்ணே?"

"பையும் இல்ல, காத்தும் இல்ல. உசிருக்கு எம்மேல ஆசை இருந்தா அதுவே ஒட்டிக்கிட்டிருக்க வேண்டியதுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். டைல்ஸ் ஏற்றுகிறவர் மட்டும் சிரிக்கவில்லை. டீ கிளாஸை உருட்டிக்கொண்டே கேட்டார். "உண்மையில யாருக்காகக் கேக்குற?"

"எங்க அக்கா ஓட்டுறாங்க."

"சமதளத்துலதானே?"

"மலையில."

பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார், அக்கா. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அதற்கு ஒரு ஜோக் கூடத் தோன்றவில்லை.

உடனே எழுது,
வாலு

•

ஜூலை 20

அன்பு வாலுவுக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். அம்மா ராத்திரி சாப்பிடாமல் படுக்கிறாளா, பார்த்துக்கொள். கேஸ் அடுப்பை அணைத்தபின் சிலிண்டரையும் மூடு. என் பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும்தானே?

வேலை நடக்கிறது. ஸ்டாண்டில் போய் ஊர்க்கதை கேட்காதே. படி.

அக்கா

•

ஜூலை 29

அக்கா,

நாங்கள் நலம். நீ நலமில்லை.

எப்படித் தெரியும் என்கிறாயா? உன் கடிதத்தைக் குலுக்கிப் பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு கிண்டல் இல்லை. சொந்தமாக முடிவெடுக்கும் கதவுக்கு நீ பதில் சொல்லாமல் விட்டாய் என்றால் உனக்குக் காய்ச்சல், அல்லது பயம். காய்ச்சல் என்றால் சொல்லியிருப்பாய். பீரோ சாவியை எதற்கு என்னிடம் ஞாபகப்படுத்துகிறாய்?

டைல்ஸ்காரரை விடவில்லை. மூன்று நாள் அவர் வண்டிமேல் சாய்ந்துகொண்டு நின்றேன். கடைசியில் வாய் திறந்தார்.

"எனக்கும் மிதி பஞ்சாத்தாம்மா ஆரம்பிச்சுது. ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். 'சரக்கை இறக்கிட்டு வாங்க, பாத்துடலாம்'னாங்க. இறக்கிட்டுப் போனேன். ஜாக்கி வெச்சுத் தூக்கி, டார்ச் அடிச்சுப் பாத்தாங்க. ஒண்ணுமில்ல. திரும்பவும் பஞ்சு. திரும்பவும் போனேன். ஒண்ணுமில்ல. எனக்கே எம்மேல சந்தேகம் வந்துடுச்சு, காலுல ஏதாவது கோளாறோன்னு. அப்புறம் ஒரு நாள் எம் மச்சான் எடுத்துட்டுப் போனான். மில்லுக்கு முன்னாடி ஒரு சரிவு இருக்கு. மிதிச்சிருக்கான், மிதி தரையோட போயிடுச்சு. மில்லுச் சுவரு நிறுத்துச்சு."

"அவருக்கு இப்ப..."

"உக்காந்தே பாக்குற மாதிரி ஒரு கடை வெச்சுக் கொடுத்திருக்கோம்."

அக்கா, ஒரே கேள்வி. மிதி தரை வரைக்கும் போனதா, இல்லையா? ஜோக் வேண்டாம். ஆமாம் அல்லது இல்லை.

வாலு

•

ஆகஸ்ட் 9

வாலு,

அம்மா நலமா? இதை அவளுக்குப் படிக்காதே.

ஆமாம். ஒரு முறை. நின்றுவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஸ்பேனர் மறுபடி பார்த்தான். முழுக்கக் காலி செய்து, நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தான். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சத்தியம் செய்கிறான். பொய் சொல்கிற ஆள் இல்லை. அப்படியென்றால் தப்பு என்னிடம்தானே? கேம்ப் அதிகாரி கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், அதனால் அவருக்குப் பெயரே விசில். அவரும் அதைத்தான் சொல்கிறார். "பனியில பயந்துட்டம்மா. பயப்படுறவங்களுக்கு பிரேக் எப்பவும் லேட்டாத்தான் பிடிக்கும்."

இருக்கலாம். இப்போதெல்லாம் வளைவு வருவதற்கு முன்பே என் உள்ளங்கை நனைந்துவிடுகிறது. ஸ்டியரிங்கில் துணி சுற்றியிருக்கிறேன். விடுமுறை நாள் வேண்டவே வேண்டாம் என்றிருக்கிறது. ஆனால் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு தட்டுகிறார்கள், "போலாம் ரைட்" என்று. அவர்களுக்கு என்ன காரணம் சொல்வது? காரணமே இல்லையே.

அக்கா

•

ஆகஸ்ட் 14

அக்கா, காரணம் இருக்கிறது! நலம் விசாரிக்கக்கூட நேரமில்லை, லாரி மாமா எஞ்சினைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். முதலில் இதைப் படி: நீ பயந்ததால் பிரேக் போகவில்லை. பிரேக் போனதால்தான் நீ பயந்தாய்.

இன்றைக்கு ஸ்டாண்டில் முட்டைக்காரருக்கும் தண்ணீர் கேன்காரருக்கும் சண்டை. தண்ணீர்க்காரர், "எனக்கும் அப்பப்ப மிதி உள்ள போவுது" என்றாராம். முட்டைக்காரர் மீசையைத் தடவினார். "எம் பொண்ணு பரமசாது. உன்னோடதும் டைல்ஸோடதும் சரக்கு ஏறுனாத்தான் தள்ளாடுது. காலையில வெறும் வயித்தோட போய் டாக்டர்கிட்ட நின்னா, குடிகாரனும் யோக்கியன்தான்யா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் நிறுத்தி, யார் வண்டியில் என்ன சரக்கு என்று விரல் விட்டு எண்ணினேன்.

முட்டை, சோபா, பூக்கூடை, இவர்களுக்கெல்லாம் தங்கமான வண்டி. டைல்ஸ், தண்ணீர், உன் சிமெண்டு, இவர்களுக்குப் பஞ்சு. சரக்கு ஏறினால்தான் வியாதி! ஆனால் உலகத்து மெக்கானிக் எல்லாரும் முதலில் சொல்வது என்ன? சரக்கை இறக்கிவிட்டு வா. வியாதியை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே போய், "எனக்கு என்ன வியாதி" என்று கேட்கிறீர்கள், அக்கா!

தண்ணீர்க்காரரைக் கெஞ்சி, கேன்களை இறக்காமலே வண்டிக்கு அடியில் ஊர்ந்து போனேன். (சீருடை போயிற்று. அம்மாவிடம் சாக்கடையில் விழுந்தேன் என்று சொல்லப்போகிறேன். நம்புவாள்.) பின்சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங் பட்டைகள் அடுக்காக இருக்கின்றன அல்லவா? அதிகப் பாரம் ஏற்றுகிறவர்கள் எல்லாரும் கூடுதலாக ஒரு பட்டை போட்டிருக்கிறார்கள். நீயும் பெருமையாகப் போட்டாயே, அதுதான். பாரம் ஏறினால் வண்டி அழுந்துகிறது. அழுந்தினால் அந்தப் புதுப் பட்டையை இறுக்கிப் பிடித்திருக்கும் இரும்புக் கவ்வி பிரேக் ஆயில் குழாயைப் போய்க் கடிக்கிறது. அழுக்கைத் துடைத்தேன், குழாயில் பளபளவென்று ஒரு தேய்மானம். விரல் ஈரமானது. கேன்களை இறக்கினோம். வண்டி எழும்பியது. கவ்வி விலகிக்கொண்டது, ஒன்றுமே தெரியாத பிள்ளை மாதிரி. ஜாக்கி வைத்தால் இன்னும் விலகும். உன் ஸ்பேனர் சத்தியம் செய்தது சத்தியம்தான்.

பாரத்தோடு அடியில் பார். வேறெப்படியும் பார்க்காதே. நீலி கண்ணீர் விட்டால், அந்த நீலிக்கண்ணீரை நம்பு. ஆளை ஏற்றாதே. ஆளை ஏற்றாதே. ஆளை ஏற்றாதே.

உன்னுடையவள்

•

ஆகஸ்ட் 23

அக்கா,

நலமா? இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் நலமா என்று இன்னொரு முறையும் கேட்கிறேன். நலமா?

மழையில் பாதை சரிந்து லாரி பாதியில் நின்றதாம். லாரி மாமா என் கடிதத்தை மேலே நடந்து போன ஒரு காவலாளியிடம் கொடுத்தனுப்பினாராம். "குடுத்திருப்பான் பாப்பா." குடுத்தான் என்று சொல்லவில்லை. குடுத்திருப்பான். அந்த ஒரு 'இருப்பான்' என்னைத் தூங்கவிடவில்லை. நடுவில் விடுமுறை நாள் வேறு வந்து போய்விட்டது.

நேற்று அம்மா மெஷினை நிறுத்தினாள். "அக்கா லெட்டர் வந்து எத்தனை நாளாச்சுடி?"

"இன்னைக்குத்தாம்மா வந்துச்சு" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. கணக்கு நோட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்து வைத்துக்கொண்டு படித்தேன். அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம். இங்கே பனி அதிகம், சமையல்காரம்மா சண்டைக்காரி, நீலி சமர்த்து. நடுவில் உன்னைப் போலவே ஒரு கிண்டல்கூடச் செய்தேன். அம்மா சிரித்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"குடு, பாக்குறேன்."

"உனக்குத்தான் அவ எழுத்து புரியாதேம்மா."

"புரிய வேணாம். தொட்டுட்டுத் தரேன்."

நான் தாளை மடித்துப் பாவாடைக்குள் சொருகிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடிவிட்டேன். அவள் பின்னால் வரவில்லை. திட்டவும் இல்லை. இதுவரைக்கும் மெஷின் ஓடவில்லை, அக்கா.

•

ஆகஸ்ட் 30

அன்புள்ள அம்மாவுக்கும் வாலுவுக்கும்,

உயிரோடும் முழு உடம்போடும் இருக்கிறேன். கீழே சந்தை ஊரில், ஒரு கடை வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பாதை சரியானதும் சாமான் லாரியிலேயே வந்துவிடுவேன். வாலு, இந்த முறை எதையும் முழுங்காமல் அம்மாவுக்குப் படி. தும்மல் வந்தாலும்.

சரிவினால் நடுவில் எந்த விடுமுறைக்கும் யாரும் இறங்கவில்லை. நேற்றுக் காலையில்தான் பாதை கொஞ்சம் திறந்தது. எல்லாரும் பின்னால் ஏறி நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாயிற்று. தகடு அதிரத் தட்டுகிறார்கள். நான் சாவியைத் திருகப் போகும்போது காவலாளி நனைந்துபோன உறையோடு வந்தான். சட்டையில் வைத்து மறந்தே போனானாம். ஸ்டியரிங்கில் வைத்துப் படித்தேன். பாதி எழுத்து கரைந்திருந்தது. "ஆளை ஏற்றாதே" மூன்றில் ஒன்று தப்பியிருந்தது.

"யாரும் இறங்காதீங்க, அப்படியே இருங்க" என்று சொல்லிவிட்டு அடியில் போனேன். எனக்கு மேலே அத்தனை பேரும் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். கவ்வி குழாயைக் கடித்துக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சொட்டு திரண்டு, ஆடி, என் கன்னத்தில் விழுந்தது.

வெளியே வந்து, "எல்லாரும் இறங்குங்க" என்றேன்.

விசிலுக்குக் கோபம். "என்னம்மா நாடகம்? எத்தனை தடவ செக் பண்ணியாச்சு? உனக்குப் பயமா இருந்தா ஒதுங்கிக்கோ. டேய் ரோலர், நீ எடு வண்டியை."

ரோலர் ஓட்டுகிறவன் துடிப்பான பையன். மலையிறக்கம் என்றால் அவனுக்கு விளையாட்டு. சாவி என் கையிலிருந்து போய்விட்டது. இறங்கினவர்களில் பாதிப்பேர் திரும்ப ஏறினார்கள். சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. "காலியாப் பாக்குறப்ப நல்லாத்தானக்கா இருக்கு" என்று ஸ்பேனரும் கெஞ்சுகிற மாதிரி பார்க்கிறான்.

பேசிப் பயனில்லை, அம்மா. ஸ்பேனரின் பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு திரும்ப அடியில் போனேன். தேய்ந்து நின்ற குழாயை முழுசாக வெட்டினேன். நம் வண்டியை நானே. கீறல் இல்லை, வெட்டு.

"இப்ப மிதிச்சுப் பாரு" என்றேன்.

ரோலர் மிதித்தான். மிதி தரையைத் தொட்டது. பின்சக்கரத்துக்கு அடியில் ஆயில் பீய்ச்சி அடித்தது. அவன் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. சாவியை விட்டுவிட்டு இறங்கினான். மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். விசில் என்னை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார். சந்தோஷம்.

கீழே நடந்தோம். எல்லோரும் என்னைத் திட்டிக்கொண்டேதான் வந்தார்கள், செருப்பு தேய்கிறது, சந்தை முடிந்துவிடும் என்று. பெரிய வளைவு வந்ததும் முன்னால் போனவர்கள் நின்றார்கள். அங்கே தடுப்புச் சுவர் கிடையாது. களிமண்ணில் ஆழமாகப் பதிந்து, இந்த மழையிலும் அழியாத டயர் தடம் இரண்டு, விளிம்பை நோக்கிப் போயிருந்தது. ஒன்று ஒரு பாறையில் முட்டி நின்றிருந்தது. இன்னொன்று நிற்கவில்லை. விளிம்பு அங்கே உடைந்திருந்தது. நேற்று பனியும் இல்லை. அடிவரைக்கும் தெரிந்தது.

திட்டிக்கொண்டு வந்தவர்கள் விளிம்பிலிருந்து ஓரடி பின்வாங்கினார்கள்.

சமையல்காரம்மா குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "ஐயோ, யாரு வண்டிம்மா? பொழைச்சாங்களா?"

"பொழைச்சுட்டாங்கக்கா."

"ஓட்டுனவங்க மட்டும்தான் இருந்தாங்களா?"

அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை, வாலு. உங்களுக்குச் சொல்கிறேன். மிதி தரைவரை போன அன்று, பழைய கம்பிகளை ஏற்றிக்கொண்டு இறங்கினேன். குழந்தைக்குத் தடுப்பூசி என்று அவளும் பின்னால் ஏறியிருந்தாள், தார்ப்பாய்க்குள். பாறையில் முட்டியதும் உள்ளிருந்தே கேட்டாள், "ஏம்மா நிறுத்திட்டே?" "பனிக்கா, கொஞ்சம் விலகட்டும்" என்றேன். ரிவர்ஸ் கியர் விழும்வரை அவள் குழந்தையிடம் ஏதோ கொஞ்சிக்கொண்டே இருந்தாள்.

நேற்று அந்தக் குழந்தை என்னைப் பார்த்துக் கையை நீட்டியது. வாங்கிக்கொண்டேன். மலை முடிகிறவரை யார் கேட்டும் கொடுக்கவில்லை.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
அக்கா